குறையாத போத்தல்

தோட்டத்தில் எல்லோரும் என்னை டாக்டரய்யா என்றுதான் கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லை. மருந்து கலக்கவும் புண் கட்டவும் காய்ச்சல் பார்க்கவும் பழகிய ஒரு டிஸ்பென்சர். தலவாக்கலைக்கு மேலே, திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் அந்த வேலையில் இருந்தேன். முதல் இரண்டு வருடம் கூப்பிட்டவர்களைத் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன், காதுக்கும் பழகிப் போனது.

காலையில் டிஸ்பென்சரிக் கதவைத் திறக்கும்போதே எனக்குக் களைப்பாக இருக்கும். வாசலில் வரிசை நிற்கும். பாதிப் பேர் நோயாளிகள். மீதிப் பேர் வேலைக்குப் போகாமலிருக்க ஒரு துண்டு எழுதி வாங்க வந்தவர்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. மழையிலும் அட்டைக்கடியிலும் வருடம் முழுக்க மலை ஏறுகிறவருக்கு ஒரு நாள் படுத்துக்கிடக்க ஆசை வராதா? ஆனால் யார் நோயாளி, யார் துண்டுக்காரர் என்று பிரிப்பதே என் பாதி வைத்தியமாகிவிட்டது. நாளடைவில் எந்த முகத்தைப் பார்த்தாலும் முதலில் சந்தேகம்தான் வரும். இது ஒரு கெட்ட பழக்கம். எனக்கு அது நன்றாகத் தெரிந்தே இருந்தது.

நான் சொல்லப்போகிற கவ்வாத்துக்காரர் அந்த வரிசையில் ஒருநாளும் நின்றவரில்லை. கவ்வாத்து என்றால் வளர்ந்த தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கத்தியால் வெட்டி இறக்குவது. தோட்டத்தில் அதைவிட முறிக்கிற வேலை கிடையாது. அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது, என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இருந்தும் நான் அவரை வா, போ என்றுதான் பேசுவேன். உத்தியோகத்தர் எல்லோரும் தொழிலாளர் எல்லோரையும் அப்படித்தான் பேசினோம். இன்று நினைத்தால் நாக்கு கூசுகிறது, அன்று கூசவில்லை.

எண்பத்து நான்காம் ஆண்டு மாசி மாதம், ஒரு காலை, அவரைக் கம்பளியில் தூளி கட்டி நாலு பேர் தூக்கி வந்தார்கள். முகம் சாம்பல் பூத்திருந்தது. அந்தக் குளிரிலும் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். எனக்குத் தெரிந்த ஊசி ஒன்றைப் போட்டு, கொழுந்து ஏற்றும் லொறியில் படுக்கவைத்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். வளைவுக்கு வளைவு, இந்த வளைவோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. பத்து நாளில் எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று தோட்டம் முழுக்கப் பேசிக்கொண்டார்கள்.

அங்கே இருந்த டாக்டர் ஒரு சிங்கள இளைஞர். பொறுமையான மனிதர். என்னைத் தனியாக அழைத்து உட்காரவைத்து, பாதி சிங்களமும் பாதி ஆங்கிலமுமாக விளக்கினார். இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒன்று சுருங்கியிருக்கிறது. இனி இரண்டு வழி உண்டு. ஒன்று, கொழும்புக்கு அனுப்புவது. அங்கே தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டுப் படம் பிடிப்பார்கள். தேவை என்றால் நெஞ்சைத் திறந்து, காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து அடைப்பைத் தாண்டித் தைப்பார்கள். மற்றது, மாத்திரையும் ஓய்வும் கொடுத்துக் காத்திருப்பது. இந்த மாதிரி ஆளுக்கு எது சரி என்று பெரிய டாக்டர்களே அடித்துக்கொள்கிறார்கள், என்னால் சத்தியம் பண்ண முடியாது என்றார்.

பிறகு அவர் சொன்னதைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை. மாத்திரை வழியை எடுத்தால் யாராவது ஒருவர் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். கொஞ்ச தூரம் நடந்தாலே நெஞ்சு பிடிக்கிறது என்றால் அந்த வழி முடிந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது யோசிக்காமல் கொழும்புக்குப் போய்விட வேண்டும். இதைச் சொல்லிக் கொழும்பு ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, என் கையில் தந்தார். தேதி போடவில்லை. எந்த நாள் கொண்டுபோனாலும் எடுத்துக்கொள்வார்கள் என்றார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் கவ்வாத்துக்காரரும் அவர் மனைவியும் டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். அந்த அம்மா கொழுந்தெடுக்கிறவர். மழைக்கு முக்காடு போட்ட கொங்காணிச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இரண்டு வழியையும் எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். கவ்வாத்துக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியது அந்த அம்மாதான்.

"எங்களுக்கு என்னங்கய்யா தெரியும். நீங்க கொழும்புக்குன்னா கொழும்புக்குப் போறோம். நீங்க கூட வருவீங்கள்ல?"

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் நான் விழுந்தேன். கூட யார் போவது? சிங்களமும் ஆங்கிலமும் பேசி, வார்டு வார்டாக அலைந்து, கையெழுத்துப் போட அந்தத் தோட்டத்தில் என்னை விட்டால் ஆளில்லை. ஆனால் அது எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு எட்டாவது மாதம். கொழும்பில் கடையொன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் தங்கை புருஷன், அந்த ஆடியில் உடுத்த சட்டையோடு தப்பி வந்து, இரண்டு மாதம் என் குவார்ட்டர்சில் கிடந்தார். கதவு தட்டினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். நுவரெலியா டவுனிலேயே கரிந்த கடைகளின் சுவர்கள் அப்படியே நின்றன. கொழும்பு ரயிலில் ஏறி எட்டு மணி நேரம் உட்கார்ந்து போகவேண்டும். எந்த ஸ்டேசனில் யார் ஏறி, என்ன கேட்பார்கள்?

நான் பயந்தேன். அவருக்காக இல்லை, எனக்காக. அதை அப்படியே சொல்லியிருந்தால் அவர்கள் புரிந்துகொண்டிருப்பார்கள். தோட்டத்தில் பயப்படாதவர் யார் அன்றைக்கு? ஆனால் நான் டாக்டரய்யா அல்லவா. மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, நெஞ்சைத் திறப்பதெல்லாம் கடைசி வழி, இந்த வயதுக்கு மாத்திரையும் ஓய்வுமே போதும், பெரிய டாக்டரும் அப்படித்தான் சொன்னார் என்றேன். நுவரெலியா டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. என் பயத்தை வைத்தியமாக்கிக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்ததும் நான் செய்தது சரி என்றே எனக்கும் பட்டது.

கடிதத்தை என் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன்.

தினமும் விழுங்கும் மாத்திரைகளை எப்படிப் போடவேண்டும் என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியில் தந்த சிறிய பழுப்புக் கண்ணாடிப் போத்தலை எடுத்தேன். நெஞ்சு பிடித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. முப்பது இருந்தது. எங்கள் டிஸ்பென்சரிக்கு அது வருவதில்லை. அந்த டாக்டரிடம் கெஞ்சித்தான் இவ்வளவாவது வாங்கினேன். அந்த எரிச்சலும் என் குரலில் இருந்திருக்கும்.

"இது உன் உசிரு. இங்க எங்க தேடுனாலும் கெடைக்காது. பத்திரமா வச்சுக்க."

நெஞ்சு பிடித்தால் ஒன்றை நாக்குக்கடியில் வை என்று அதற்கு முன்னால் சொல்லியிருந்தேன். இல்லை, பின்னால் சொன்னேனா? எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன், ஞாபகம் வரவில்லை. சொன்னேன் என்பது மட்டும் நிச்சயம். அவர் இரண்டு கையையும் நீட்டிப் போத்தலை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஓய்வு என்று எழுதுவது சுலபம். லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் ஓய்வெடுப்பது எப்படி? தண்ணீர் கொட்டும் பீலிக்கு இறங்கவேண்டும், கக்கூசுக்கு மேட்டில் ஏறவேண்டும். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆட்கள் கூடும் சத்தம் கேட்கும்போது, பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்கு எழுந்த மனிதர் எப்படிப் படுத்துக்கிடப்பார்? ஒன்றரை மாதம் தாக்குப்பிடித்தார். பிறகு தானாகவே என்னிடம் வந்து லேசு வேலைக்குத் துண்டு கேட்டார். வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் கேட்ட துண்டு. நான் எழுதிக் கொடுத்தேன்.

லேசு வேலை என்று எழுதினால், எது லேசு என்று தீர்மானிப்பது கணக்கப்பிள்ளை. அவர் கெட்டவரில்லை. தோட்டத்து வழக்கப்படி, கத்தியும் மண்வெட்டியும் பிடிக்காத வேலை எல்லாம் லேசு. அவர் கொடுத்தது கொழுந்து மலைக்குப் பத்து மணித் தேத்தண்ணி கொண்டுபோகிற வேலை. வயதானவர்களுக்கும் ஏலாதவர்களுக்கும் கொடுக்கிற, மதிப்பான வேலை அது. தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் பக்கத்தில் காய்ச்சிய தேத்தண்ணியை வாளியில் எடுத்துக்கொண்டு ஏழாம் நம்பர் மலை உச்சிக்கு ஏறவேண்டும். என் வீட்டு வாசல் இஸ்தோப்பிலிருந்து பார்த்தால் அந்தப் பாதை முழுக்கத் தெரியும். வாளியோடு அவர் ஏறுவதை நானும் பார்த்தேன். எனக்கு வந்தது கோபம் இல்லை, சந்தோஷம். பரவாயில்லையே, மலை ஏறுகிறாரே, நம் வைத்தியம் வேலை செய்கிறதே என்று நினைத்தேன்.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் என்னைப் பார்க்க வரவேண்டும் என்று ஏற்பாடு. தவறாமல் வருவார். குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியில் வருவார். நாடி பார்ப்பேன், பிரஷர் பார்ப்பேன். எப்படி இருக்கிறது என்று கேட்டால், பரவாயில்லீங்க என்பார். எங்கள் பக்கத்தில் ஐயாமார் கேட்கிற எந்தக் கேள்விக்கும் அதுதான் பதில். ஒரு தடவை, ஏறும்போது கொஞ்சம் மூச்சு முட்டும், நின்றால் போய்விடும் என்றார். நுவரெலியா டாக்டர் பார்க்கச் சொன்ன அடையாளம் இந்த மாதிரிதான். எனக்கு அது ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. ஆனால் அந்த வேளை பார்த்து அவர் மடியிலிருந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு வெள்ளியும் அப்படித்தான் வைப்பார்.

"ஒண்ணுகூடக் கொறையலங்கய்யா."

நான் எண்ணிப் பார்ப்பேன். முப்பது. நெஞ்சு பிடிக்கிறவர் மாத்திரை போடாமல் இருப்பாரா? மாத்திரை குறையவில்லை என்றால் நெஞ்சு பிடிக்கவில்லை. இவ்வளவுதான் என் கணக்கு. நல்லது, இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிப் போத்தலைத் திருப்பிக் கொடுப்பேன். அவர் முகம் மலர்ந்துபோகும். லாச்சியில் இருந்த கடிதத்தைத் தொடவேண்டிய தேவையே வரவில்லை. கொழும்புக்குப் போகாமலே ஆளைக் காப்பாற்றிவிட்டேன் என்று என் மனைவியிடம் ஒருநாள் பெருமையாகச் சொன்னதும் உண்டு. அவள் சோற்றைப் போட்டாள்.

பதினோரு வெள்ளிக்கிழமை இப்படிப் போயிற்று.

பன்னிரண்டாவது வெள்ளிக்கு முந்திய நாள், பத்து மணி கழிந்திருக்கும். ஏழாம் நம்பர் மலையிலிருந்து பெண்கள் கூவுகிற சத்தம் கேட்டது. பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். பாதையின் மூன்றாவது வளைவில், மேட்டுமண்ணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாளி நேராக வைக்கப்பட்டிருந்தது, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. முகத்தில் அதே சாம்பல், சட்டையில் அதே வியர்வை. நினைவு இருந்தது. நான் அவர் மடியைத் தடவினேன், சட்டைப் பையைத் தடவினேன். மாத்திரை எங்கே என்று கத்தினேன்.

அவர் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரிதான் சொன்னார்.

"பத்திரமா இருக்குங்கய்யா. பொட்டியில வச்சுப் பூட்டியிருக்கேன்."

லயத்துக்கு ஆள் அனுப்பினேன். பெட்டிச் சாவி மனைவியின் இடுப்பில். அந்த அம்மா அன்றைக்குக் கொழுந்தெடுத்தது ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலையில். அங்கே ஓர் ஆள் ஓடினான். என் பையில் அந்த மாத்திரை ஒன்றுகூட இல்லை. அந்த முப்பதில் இரண்டையாவது என் பையில் வைத்துக்கொள்ளவேண்டும் என்று நான் யோசித்ததே இல்லை. கையில் இருந்த ஊசியைப் போட்டேன், சட்டையைத் தளர்த்தினேன், கையைப் பிடித்துக்கொண்டேன். கம்பளி கொண்டுவருவதற்குள் அவர் போய்விட்டார்.

அந்தத் தகரப் பெட்டியைப் பற்றி வெளியாருக்குச் சொன்னால்தான் விளங்கும். எங்கள் ஆட்களின் ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு பெட்டி இருக்கும். பிறப்புப் பத்திரம், பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்ட மனுவின் நகல், இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் போட்ட கடுதாசி, தகப்பன் பேர் போட்ட பழைய துண்டு எல்லாம் துணியில் சுற்றி அதற்குள்தான் கிடக்கும். ஒரு காகிதம் காணாமல் போனதால் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் உண்டு. ஒரு காகிதம் கிடைத்ததால் தங்கியவர்களும் உண்டு. அப்படிப்பட்டவரிடம், இது உன் உயிர், பத்திரமாக வை என்று ஒரு ஐயா சொன்னால் அவர் அதை எங்கே வைப்பார்? சட்டைப் பையிலா வைப்பார்?

இந்த இரண்டு வழி விவகாரம் இன்னும் தீரவில்லை என்று கேள்விப்படுகிறேன். குழாய் விட்டுப் பார்ப்பதா, மாத்திரையோடு காத்திருப்பதா என்று படித்தவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பேசட்டும், பேசவேண்டிய விஷயம்தான். ஆனால் நாங்கள் எடுத்தது அந்த இரண்டில் எதுவுமில்லை. காத்திருப்பதும் ஒரு வைத்தியம். அதற்கு நெஞ்சைத் திறக்கிற அளவுக்குக் கை வேண்டும், கண் வேண்டும். நான் சும்மா இருந்துவிட்டு அதற்கு வைத்தியம் என்று பெயர் வைத்தேன். அதற்குப் பிறகு யாருக்கு அந்த மாத்திரை வந்தாலும் சின்னத் துணிப்பையில் போட்டுத் தாயத்துக் கயிற்றோடு கழுத்தில் கட்டிவிட்டேன். முதல் மாத்திரையை என் முன்னாலேயே நாக்குக்கடியில் வைக்கச் சொன்னேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

கருமாதி முடிந்து இரண்டு நாளில் அந்த அம்மா டிஸ்பென்சரிக்கு வந்தார். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும்தான் உள்ளே வந்தார். எங்கள் டிஸ்பென்சரியில் ஒரு வழக்கம், மருந்து முடிந்தால் போத்தலைக் கழுவித் திருப்பிக் கொடுக்கவேண்டும். போத்தல் இல்லாவிட்டால் அடுத்த தடவை மருந்து கிடையாது என்று நானே கத்தியிருக்கிறேன். அவர் இடுப்பிலிருந்து சின்னத் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்து, பழுப்புப் போத்தலை என் முன்னால் வைத்தார்.

"ஒண்ணுகூடக் கொறையலங்கய்யா. வேற யாருக்காச்சும் ஒதவும்."

அவரே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மலை ஏறத் தொடங்கிய நாள் முதலே புருஷனுக்கு நெஞ்சு இறுக்கம் இருந்ததாம். மூன்றாவது வளைவில் வாளியை வைத்துவிட்டு, செடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று இந்த அம்மா சொன்னாராம். ஐயா பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறார், பெரிதாக வந்தால் போட்டுக்கொள்கிறேன், சும்மா சும்மா போட்டு முடித்துவிட்டால் ஐயா முகத்தில் எப்படி முழிப்பது என்பாராம். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் பெட்டியைத் திறந்து, எண்ணிப் பார்த்து, மடியில் கட்டிக்கொண்டு வருவாராம். நான் நல்லது என்று சொன்ன நாளெல்லாம் வீட்டுக்கு வந்து அதை இந்த அம்மாவிடம் சொல்வாராம்.

பிறகு கேட்டார், கொழும்புக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று. சொல்ல முடியாது அம்மா, பெரிய டாக்டர்களுக்கே தெரியாது என்றேன். அது பொய்யில்லை. ஆனால் நான் கூட வரப் பயந்துதான் வேண்டாம் என்றேன் என்பதை அன்றும் சொல்லவில்லை. உங்களால் ஆனதைச் செய்தீர்கள் என்று கும்பிட்டுவிட்டு, கொங்காணியைச் சரிசெய்துகொண்டு கொழுந்துக்குப் போனார்.

போத்தலை எண்ணினேன். முப்பது. லாச்சியைத் திறந்தேன். கொழும்புக் கடிதம் ஒட்டியது ஒட்டியபடி, ஒரு மூலைகூட மடங்காமல் பத்திரமாக இருந்தது. போத்தலை அதன் மேல் வைத்து, லாச்சியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். வெளியே இன்னும் பதினைந்து பேர் நின்றார்கள். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.